சொந்த வீடா, ஒண்டுக்குடித்தனமா? – டேட்டாபேஸ் குடியிருந்த கதை



மலர்க் குழுவினர் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஹாஸ்டல் நினைவுகளை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருப்பதால், எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே எழுதுகிறேன். பல வருஷமாக டேட்டாபேஸ்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் என்னை ஓரங்கட்டி, "ஏம்பா, எங்க ஆபீஸ்ல டேட்டாபேஸை எல்லாம் வி.எம்.ல போடணும்ங்கறாங்க. போடலாமா, கூடாதா?" என்று கேட்காமல் விட்டதில்லை. கேட்பவர்களில் பாங்க்காரர் உண்டு, ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் உண்டு, நூல் மில் கணக்குப் பார்ப்பவர் உண்டு. "போடலாம்" என்றோ "கூடாது" என்றோ ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்கலாம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீளமான சரித்திரம் இருக்கிறது. அது தெரிந்தால், பதிலை நீங்களே சொல்லிக்கொள்வீர்கள்.

முதலில், இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக இரண்டு விளக்கம். பிஸிக்கல் சர்வர் என்றால் ஒரு முழு இயந்திரம். அதில் ஒரே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம், அதன்மேல் டேட்டாபேஸ். சொந்த வீடு மாதிரி. கிணறு, கொல்லை, மொட்டை மாடி எல்லாம் தனக்கே. வி.எம். எனப்படும் விர்ச்சுவல் மெஷின் வேறு விதம். ஹைப்பர்வைசர் என்ற ஒரு ஸாஃப்ட்வேர் அதே இயந்திரத்தைப் பல போர்ஷன்களாகத் தடுத்து, ஒவ்வொரு போர்ஷனில் இருப்பவரையும் "வீடு முழுக்க உனக்குத்தான்" என்று நம்ப வைக்கும். பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம்தான். ஒரே வித்தியாசம், பக்கத்துக் குடித்தனக்காரர் கண்ணுக்கே தெரியமாட்டார். சில நாள் குழாயில் தண்ணீர் மட்டும் மெதுவாக வரும். ஏன் என்று புரியாது.

சிட்டையும் பேரேடும்

இந்த வாக்குவாதத்தை எல்லாரும் வேகத்தைப் பற்றியது என்றே நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். டேட்டாபேஸ் என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதி. நீங்கள் பாங்கில் 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள். திரையில் "வரவு வைக்கப்பட்டது" என்று வருகிறது. அடுத்த விநாடி கரண்ட் போய்விடுகிறது. கரண்ட் திரும்பி வந்ததும் உங்கள் 5,000 ரூபாய் அங்கே இருந்தாக வேண்டும். "ஸார், கொஞ்சம் மெதுவாயிடுச்சு" என்றால் பொறுத்துக்கொள்வோம். "ஸார், காணோம்" என்றால் பொறுப்போமா?

இந்த வாக்கைக் காப்பாற்ற டேட்டாபேஸ் கையாளும் வழி நம் கடைத்தெருவுக்குப் பழக்கமானதுதான். வியாபாரம் நடக்க நடக்க முதலாளி சிட்டையில் குறித்துக்கொள்வார். கடை கட்டிய பிறகு கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேடு எழுதும்போது விளக்கு அணைந்து பாதியில் நின்றாலும் பயமில்லை. சிட்டை இருக்கிறது, மறுபடி எழுதிக்கொள்ளலாம். டேட்டாபேஸும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 'லாக்' என்ற சிட்டையில் எழுதுகிறது. அது டிஸ்க்கில் நிஜமாகவே பதிந்துவிட்டது என்று கீழே இருப்பவன் சொன்ன பிறகுதான் நமக்கு "ஆச்சு" என்று சொல்கிறது. இதற்குக் 'கமிட்' என்று பெயர்.

அந்தக் "கீழே இருப்பவன்" யார்? சொந்த வீட்டில் ஆபரேட்டிங் சிஸ்டமும் டிஸ்க்கும். ஒண்டுக்குடித்தனத்தில் அதற்கும் கீழே ஹைப்பர்வைசர், அதற்கும் கீழே பொதுவான ஸ்டோரேஜ், நடுவே நெட்வொர்க். கை மாற மாறப் பொய்க்கும் இடம் கூடும். இதை மனசில் வைத்துக்கொண்டு சரித்திரத்துக்குப் போவோம்.

முதல் பதினான்கு குடித்தனங்கள்

வி.எம். நேற்று முளைத்த சமாசாரம் என்று பல பேருக்கு நினைப்பு. இல்லை. ஐ.பி.எம். கம்பெனி 1964-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், எம்.ஐ.டி.க்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அங்கே ராபர்ட் க்ரீஸி தலைமையில் உருவான சி.பி.-40 என்ற ஸாஃப்ட்வேர் 1967 ஜனவரியில் அன்றாட உபயோகத்துக்கு வந்தது. சிஸ்டம்/360 மாடல் 40 என்ற ஒரே இயந்திரத்தை அது 14 இயந்திரங்களாகக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் மெமரி. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போனில் ஒரு போட்டோவுக்கே அதைவிட ஜாஸ்தி இடம் வேண்டும்!

காரணம் சிக்கனம்தான். அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்பது யானை விலை. ஆளுக்கொரு யானை வாங்கித் தர யாராலும் முடியாது. ஆனால் ஸாஃப்ட்வேர் எழுதும் ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரம் கையில் இருந்தால்தான் வேலை ஓடும். ஆகவே யானை ஒன்று, நிழல் பதினாலு. இதன் வாரிசாகச் சி.பி.-67 வந்தது. 1972 ஆகஸ்ட் 2 அன்று வி.எம்./370 என்ற பெயரில் ஐ.பி.எம். இதை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அறிவித்தது.

1974-ல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர், எந்த இயந்திரத்தை இப்படித் தடுத்து வாடகைக்கு விடலாம் என்பதற்கு இலக்கணமே எழுதிவிட்டார்கள். அதன் சாரம் இதுதான்: குடியிருப்பவர் சுவரில் ஆணி அடித்தால், அந்தச் சத்தம் வீட்டுக்காரர் காதில் விழுந்தாக வேண்டும். அதாவது இயந்திரத்தின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் ஹைப்பர்வைசர் வழியாகத்தான் போக வேண்டும். இந்த ஆணி பின்னால் மறுபடி வரும்.

எஸ்.க்யூ.எல். நடை பழகிய இடம்

"டேட்டாபேஸுக்கு வி.எம். ஒத்துவராது" என்று அடித்துச் சொல்லும் பெரியவர்களுக்கு நான் ஒரு பழைய கதையைச் சொல்வது வழக்கம். கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரத்து ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த எட்கர் காட், 1970 ஜூனில் ரிலேஷனல் மாடல் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். அதை நடைமுறையில் செய்து காட்ட அதே கூடத்தில் தொடங்கிய திட்டம்தான் சிஸ்டம் ஆர். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் எஸ்.க்யூ.எல். மொழி அங்கே உருவானதுதான்.

சிஸ்டம் ஆர் பற்றி 1976-ல் வெளிவந்த கட்டுரையை எடுத்துப் பாருங்கள். வி.எம்./370-ன் மேல், உபயோகிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி விர்ச்சுவல் மெஷின். எல்லாரையும் மேற்பார்வை பார்க்க ஒரு மானிட்டர் மெஷின். படமே போட்டிருக்கிறார்கள். எஸ்.க்யூ.எல். தவழ்ந்து நடை பழகியது வாடகை வீட்டில்தான்! 1981-ல் எஸ்.க்யூ.எல்./டி.எஸ்., 1983-ல் டி.பி.2 என்று அது கடைக்கு வந்ததெல்லாம் அப்புறம்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் எழுபதுகளில் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அங்கே கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போன சி. மோகன் என்ற தமிழ்நாட்டு மாணவர், படிப்பு ஒரு பக்கம் இருக்க, அந்த இயந்திரத்தில் மனசைப் பறிகொடுத்தார். 1977-ல் பட்டம் வாங்கி, அமெரிக்கா போய் டாக்டர் பட்டமும் முடித்து, 1981-ல் அதே ஸான் ஹோஸே கூடத்தில் சேர்ந்தார். அவரும் நான்கு சகாக்களும் சேர்ந்து 1992-ல் வெளியிட்ட 'ஏரீஸ்' முறைதான், கரண்ட் போய்த் திரும்பிய பிறகு சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்வதற்கான முழு இலக்கணம். பிற்காலத்து டேட்டாபேஸ்கள் பலவற்றில் அந்த இலக்கணத்தின் சாயலைப் பார்க்கலாம். பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. கெமிக்கல் படித்தவர் உலகத்துக்கே கணக்குப்பிள்ளை ஆனார்!

ஆனால் ஏரீஸுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சிட்டை டிஸ்க்கில் இருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட கணக்குப்பிள்ளையானாலும், சிட்டையே தொலைந்துபோனால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஆளுக்கொரு பெட்டி

எண்பதுகளில் காற்று மாறியது. மினி கம்ப்யூட்டர், யூனிக்ஸ் இயந்திரம் என்று விலை இறங்க இறங்க, ஆபீஸுக்கு ஒன்று, டிபார்ட்மெண்டுக்கு ஒன்று என்று வாங்க ஆரம்பித்தார்கள். சொந்த வீட்டுக் காலம். அப்போது டேட்டாபேஸ்காரர்களின் மனப்போக்கு எப்படி இருந்தது என்பதற்கு, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981-ல் எழுதிய கட்டுரை நல்ல சாட்சி. ஆபரேட்டிங் சிஸ்டம் தரும் வசதிகள் டேட்டாபேஸுக்குப் பொருந்துவதில்லை என்று அவர் வரிசையாகக் குறை சொன்னார். எந்தப் பக்கத்தை மெமரியில் வைத்துக்கொள்வது, எதை எப்போது டிஸ்க்குக்கு அனுப்புவது என்பதெல்லாம் டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். நடுவே இன்னொருவர் புகுந்து தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வது உபத்திரவம் என்பது அவர் வாதம்.

ஆபரேட்டிங் சிஸ்டமே உபத்திரவம் என்று நினைப்பவரிடம் போய், அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு வைக்கிறேன் என்றால் விடுவாரா? தொண்ணூறுகளில் நான் பார்த்த மூத்த டி.பி.ஏ.க்கள் பலரும் இந்த ரகம்தான். எந்த டிஸ்க்கில் லாக், எந்த டிஸ்க்கில் டேட்டா என்பதைத் தங்கள் கையாலேயே பிரித்து வைப்பார்கள். டிஸ்க் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லும் வைத்தியர்களும் இருந்தார்கள்.

இன்னொரு காரணமும் சேர்ந்தது. இன்டெல் சிப் போட்ட மலிவான சர்வர்கள் அப்போது எங்கும் பரவிவிட்டன. அந்தச் சிப்புகளோ போபெக், கோல்ட்பர்க் இலக்கணத்துக்குக் கட்டுப்படாதவை. வீட்டுக்காரர் காதில் விழாமல் ஆணி அடிக்கக்கூடிய கட்டளைகள் பெண்டியம் சிப்பில் 17 இருக்கின்றன என்று 2000-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கெடுத்துக் காட்டியது. ஆகவே ஒரு பெட்டிக்கு ஒரு வேலை என்பதே வழக்கமாயிற்று. சர்வர் ரூமில் பெட்டிகள் குவிந்தன. பெரும்பாலானவை பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்து கரண்டையும் ஏ.சி.யையும் தின்றுகொண்டிருந்தன.

மறுபடியும் போர்ஷன்

1997-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோஸன்பிளம் குழுவினர், தூசி படிந்து கிடந்த வி.எம். யோசனையை 'டிஸ்கோ' என்ற ஆராய்ச்சியில் தூக்கி நிறுத்தினார்கள். அதிலிருந்து 1998-ல் பிறந்தது வி.எம்.வேர் கம்பெனி. அந்தப் பதினேழு ஆணிகளைச் சமாளிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். குடியிருப்பவர் ஆணியை எடுக்கும்போதே அதைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுக்காரருக்குத் தெரியும் வகையில் வேறு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவது. அதாவது, ஆபத்தான கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிவிடுவது. 1999-ல் மேஜைக் கம்ப்யூட்டருக்கும், 2001-ல் சர்வருக்கும் சரக்கு வந்தது. 2003-ல் வந்த வி-மோஷன், ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை நிறுத்தாமலேயே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றியது. ஓடற பஸ்ஸிலிருந்து பக்கத்துல ஓடற பஸ்ஸுக்கு, கையில் இருக்கும் காபி சிந்தாமல் மாறுகிற மாதிரி!

மெயில் சர்வர், ஃபைல் சர்வர், வெப் சர்வர் எல்லாம் ஜாம்ஜாமென்று குடிபோயின. டேட்டாபேஸ் மட்டும் வாசற்படியிலேயே நின்றது. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

முதலாவது, குழாயடி. நான்கு ப்ராஸஸர் கேட்கும் வி.எம்.முக்கு, ஆரம்ப காலத்தில் நான்கும் ஒரே சமயத்தில் காலியானால்தான் முறை வரும். அதற்குள் ஒரு ப்ராஸஸர் கேட்டவர்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள். "பெரிசா கேட்டா வேகமா ஓடும்" என்று எட்டு கேட்டு, இரண்டில் ஓடியதைவிட மெதுவாக ஓடிய வேடிக்கையெல்லாம் உண்டு.

இரண்டாவது, மெமரி. வீட்டுக்காரர் இருப்பதைவிட அதிகமாக வாடகைக்கு விட்டுவிடுவார். தட்டுப்பாடு வந்தால் வி.எம்.முக்குள் ஒரு பலூனை ஊதுவார். பலூன் பெருக்கப் பெருக்க, உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் தன் மெமரியை விட்டுக்கொடுக்கும். 2002-ல் கார்ல் வால்ட்ஸ்பர்கர் விவரித்த மிக அழகான உத்தி இது. ஆனால் டேட்டாபேஸோ கிடைத்த மெமரி முழுவதையும் அடிக்கடி தேவைப்படும் பக்கங்களால் நிரப்பி வைத்திருக்கும் ஜென்மம். அதன் வயிற்றில் பலூன் ஊதினால் மூச்சு முட்டும். ஸ்டோன்பிரேக்கரின் பழைய புகார் இன்னும் ஒரு மாடி கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது, டிஸ்க். பக்கத்துப் போர்ஷனில் ராத்திரி பேக்கப் ஓடினால், நம் போர்ஷனில் பில் போட நேரமாகும்.

நான்காவது, சட்டம். டேட்டாபேஸ் விற்பவர்கள் கைகொடுக்க வேண்டுமே! மைக்ரோஸாஃப்ட் 2008-ல் ஹைப்பர்வைசர்களைச் சோதித்து அங்கீகரிக்கும் திட்டம் கொண்டுவந்தது. ஆரக்கிள் நீண்ட காலம், வி.எம்.வேர் மேல் வரும் கோளாறு புதிதாக இருந்தால் பிஸிக்கல் சர்வரிலும் அது வருகிறது என்று காட்டச் சொன்னது. பல இயந்திரங்கள் சேர்ந்து இயங்கும் அதன் ராக் டேட்டாபேஸுக்கு 2010 நவம்பரில்தான் அங்கே இடம் கிடைத்தது. லைசென்ஸ் விஷயம் அதைவிடக் கசப்பு. வி.எம்.வேர் போடும் தடுப்புச் சுவரை லைசென்ஸைக் குறைப்பதற்கான எல்லையாக ஏற்க மாட்டோம், கீழே இருக்கும் இயந்திரத்தின் ப்ராஸஸர்களை எண்ணித்தான் காசு என்பது ஆரக்கிளின் கொள்கை. ஒரு போர்ஷனில் குடியிருந்துகொண்டு வீடு முழுவதற்கும் வரி கட்டுவதுபோல!

வேகப் பிரச்சினை மட்டும் மெல்ல மெல்லத் தீர்ந்தது. 2005-ல் இன்டெலும் 2006-ல் ஏ.எம்.டி.யும் தங்கள் சிப்பிலேயே வி.எம்.முக்கு இடம் ஒதுக்கின. 2007, 2008-ல் மெமரி முகவரிகளை மாற்றும் வேலையையும் சிப்பே எடுத்துக்கொண்டது. வி.எம்.வேரில் ஒரு வி.எம்.முக்கு 2006-ல் 4 ப்ராஸஸர், 16 ஜிகாபைட் மெமரிதான் உச்சவரம்பு. 2009-ல் அது 8 ப்ராஸஸர், 255 ஜிகாபைட். 2011-ல் 32 ப்ராஸஸர், ஒரு டெராபைட். இதற்குமேல் "இடம் போதலை" என்று சொல்ல மிகச் சில டேட்டாபேஸ்களுக்கே வாய் இருந்தது.

பொய் சொல்லும் பெட்டிகள்

வேகம் தீர்ந்தது சரி. வாக்குறுதி?

டிஸ்க்கில் பதிவது மெதுவான காரியம். ஆகவே கீழ் அடுக்கில் இருப்பவர்களுக்கு எப்போதும் ஒரு சபலம் உண்டு: பதியாமலே "பதிஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் நிதானமாகப் பதியலாமே! மேஜைக் கம்ப்யூட்டர்களில் பிரபலமான விர்ச்சுவல்பாக்ஸின் கையேட்டிலேயே, உள்ளிருந்து வரும் "டிஸ்க்குக்கு அனுப்பு" கட்டளையை வேகத்துக்காக வழக்கமாகப் புறக்கணிப்போம், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களாவது நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சோதனை செய்ய அது போதும். சம்பளக் கணக்குக்கு ஆகாது.

சொந்த வீட்டுக்காரர்கள் உடனே மார்தட்டிக்கொள்ள வேண்டாம். சாதாரண டிஸ்க்குக்குள்ளேயே ஒரு சின்ன மெமரி இருக்கிறது. அதில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லும் டிஸ்க்குகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதனால்தான் பெரிய சர்வர்களில் ரெய்டு அட்டைக்குப் பாட்டரி வைத்தார்கள். அந்தப் பாட்டரி செத்துப்போனதை யாரும் கவனிக்காத சர்வர் ரூம்கள் எத்தனையோ! 2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுதுகிறவர்கள் திடுக்கிட்ட கதை ஒன்று உண்டு. எழுதும்போது டிஸ்க்கில் பிழை வந்தால், லினக்ஸ் அதை ஒருமுறை சொல்லும். "சரி, மறுபடி முயற்சி பண்ணு" என்று கேட்டால், நிஜமாக எழுதாமலே "சரியாயிடுச்சு" என்று பதில் வரக்கூடும் என்று தெரியவந்தது. பல வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது! 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில், அப்படிப் பிழை வந்தால் மறுமுயற்சி செய்யாமல், டேட்டாபேஸையே நிறுத்தி லாகிலிருந்து மீட்டுக்கொள்ளும்படி மாற்றினார்கள். இந்தப் பொய்க்கு வி.எம். காரணமே இல்லை; பிஸிக்கல் சர்வரிலும் இதே கதைதான்.

வி.எம். கொண்டுவந்த புதிய ஆபத்து வேறு: சுலபம். ஒரு பொத்தானை அமுக்கினால் ஸ்னாப்ஷாட். முழு இயந்திரத்தின் அந்த நேரத்து நிலையும் பத்திரம் என்று தோன்றும். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) இதையே பேக்கப் என்று நம்பி, டேட்டாபேஸின் முறையான பேக்கப்பை நிறுத்திவிட்டார்கள். ஸ்னாப்ஷாட்டும் மூலமும் ஒரே ஸ்டோரேஜில் இருந்தன. அந்த ஸ்டோரேஜ் ஒரு நாள் படுத்தபோது இரண்டும் சேர்ந்தே போயின. காகித ரசீதுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஊழியர்கள் ராப்பகலாக மறுபடி டைப் அடித்தார்கள். ரசீது இல்லாத வரவுகள் போனது போனதுதான். பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர் வைத்தால் அது பாதுகாப்பு ஆகிவிடாது.

வீட்டுக்காரர் வெளியூர் போனார்

அமெரிக்கக் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கதையில் அடுத்த திருப்பம் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜில். அந்தப் பல்கலைக்கழகத்தில் 2003-ல் வெளிவந்த ஸென் என்ற ஹைப்பர்வைசரை வைத்து, அமேசான் 2006 ஆகஸ்டில் ஈ.சி.2 சேவையைத் திறந்தது. அதை உருவாக்கிய குழு உட்கார்ந்திருந்தது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில்! இப்போது வீட்டுக்காரரின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். கிரெடிட் கார்டு இருந்தால் போர்ஷன் கிடைக்கும்.

ஆரம்பத்தில் அந்தப் போர்ஷனைக் காலி செய்தால், உள்ளே வைத்த சாமான் அத்தனையும் போய்விடும். டேட்டாபேஸ் வைக்க லாயக்கில்லை. 2008 ஆகஸ்டில் ஈ.பி.எஸ். என்ற நிலையான டிஸ்க் வந்தது. 2009 அக்டோபரில் ஆர்.டி.எஸ். வந்தது, டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் ஆளையும் சேர்த்தே வாடகைக்கு விட்டார்கள் (என் போன்றவர்கள் வயிற்றில் புளி கரைத்த வருஷம்).

2011 ஏப்ரல் 21 அன்று அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் சோதனை வந்தது. நெட்வொர்க்கில் செய்த ஒரு மாற்றம் தவறிப்போய், பெரிய ரோட்டில் போக வேண்டிய வண்டிகள் எல்லாம் சந்தில் திரும்பிவிட்டன. ஈ.பி.எஸ். டிஸ்க்குகள் தங்கள் நகலைத் தொலைத்தன. ரோட்டைச் சரிசெய்ததும், எல்லா டிஸ்க்குகளும் ஒரே சமயத்தில் புது நகல் எடுக்க இடம் தேடி ஓடின. தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்ட்தான்! மீட்க நாலைந்து நாள் ஆயிற்று. அந்த மண்டலத்தின் டிஸ்க்குகளில் 0.07 சதவீதத்தை முழுசாக மீட்க முடியவில்லை என்று அமேசானே தன் அறிக்கையில் சொன்னது. எண் சின்னதுதான். அந்த 0.07-க்குள் இருந்தவருக்கு அது நூறு சதவீதம்.

சக்கரம் சுற்றி வந்த இடம்

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 நவம்பரில் அமேசான், ஹைப்பர்வைசரின் பெரும் பங்கு வேலையைத் தனி அட்டைகளுக்குத் தள்ளிவிட்ட நைட்ரோ அமைப்பை அறிவித்தது. அதே சமயம், நடுவில் ஹைப்பர்வைசரே இல்லாத முழு இயந்திரத்தையும் வாடகைக்குத் தர ஆரம்பித்தது. வாடகைக்கு ஒரு தனி வீடு! 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி வி.எம்.வேரை வாங்கியது, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸை அடுத்த மாதமே நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. வாடகை ஏறினால் மறுபடி சொந்த வீட்டு நினைப்பு வருவது மனித சுபாவம்தானே!

ஐ.பி.எம். பெரிய இயந்திரங்களில் ஒரு மௌனமான முடிவு அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. 1988-ல் அவற்றை எல்பார் என்ற பகுதிகளாகப் பிரிக்கும் வசதி வந்தது. 2003-ல் வந்த ஸெட்990 இயந்திரத்திலிருந்து, பிரிக்காமல் ஓட்டும் வழியே கிடையாது. அந்த வரிசை இயந்திரங்களில் கணக்கு வைத்திருக்கும் பாங்குகளின் டேட்டாபேஸ்கள் அத்தனையும் அன்றிலிருந்து போர்ஷனில்தான் குடியிருக்கின்றன. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏன்? இயந்திரம், ஹைப்பர்வைசர், டிஸ்க், டேட்டாபேஸ் என்று எல்லா அடுக்குக்கும் பெரும்பாலும் ஒரே கம்பெனி ஜவாப்தாரி. கதவைத் தட்டினால் திறக்க ஒருவர் இருக்கிறார்.

இந்தச் சரித்திரம் எனக்குச் சொல்லும் பாடம் இதுதான். வீடு சொந்தமா, வாடகையா என்பது இரண்டாம் பட்சம். "பதிஞ்சாச்சு" என்று ஒவ்வொரு அடுக்கும் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு யார் பொறுப்பு என்பதே முதல் கேள்வி.

உங்கள் ஆபீஸில் இந்தப் பேச்சு வந்தால் கேட்க வேண்டியவை சிலவே. சிட்டைக்கு வழி எது, நடுவே யாராவது வாங்கி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்களா? (உபயோகத்துக்கு விடுவதற்கு முன் ஒரு நாள் நிஜமாகவே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.) டேட்டாபேஸுக்கான மெமரியைப் பலூன் தொடாதபடி ஒதுக்கியாயிற்றா? மூலமும் நகலும் தெரியாமல் ஒரே பெட்டியில் குடியிருக்கவில்லையே? லைசென்ஸ் கணக்கை எழுத்தில் வாங்கியாயிற்றா? இந்த நான்குக்கும் நல்ல பதில் இருந்தால், சிறிய, நடுத்தர டேட்டாபேஸ்களைத் தைரியமாக வி.எம்.மில் வையுங்கள். பெட்டி பழசாகும்போது வீடு மாற்றுவது அவ்வளவு சுலபம். அந்தச் சௌகரியம் பிஸிக்கல் சர்வரில் வராது. ஒரு முழு இயந்திரத்தையே ஒற்றை ஆளாக விழுங்கும் டேட்டாபேஸுக்கும், லைசென்ஸ் கழுத்தை நெரிக்கும் டேட்டாபேஸுக்கும் தனி வீடே நல்லது.

ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு. அது இரண்டு கட்சிக்கும் பொது. பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? "எடுக்கிறோம் ஸார், தினமும் எடுக்கிறோம்" என்பது இதற்குப் பதில் இல்லை. இந்த மலரைப் படிக்கும் நண்பர்களில் யாருடைய பொறுப்பிலாவது ஒரு டேட்டாபேஸ் இருந்தால், அதில் ஊரார் சம்பளமோ நோயாளியின் சிகிச்சைக் குறிப்போ கட்டாயம் இருக்கும். இந்த மாதத்துக்குள் ஒரு முறை மீட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். வராவிட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள். எப்படியும் தூக்கம் வராது, பேசிக்கொண்டாவது இருக்கலாம்.